அன்புள்ள «வாடிக்கையாளர்_பெயர்»

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறை எதுவானாலும், உதிரிபாகத்தோடு ஆய்வறிக்கையும் போக வேண்டும். வேர்டில் டெம்ப்ளேட், எக்செல்லில் அளவுகள். மெயில் மெர்ஜ் கொடுத்தால் நூறு அறிக்கை தயார்.

தயார்தான். மைக்ரான் பிசகாமல் அளந்தவரின் அறிக்கையில் தேதி மட்டும் சில நேரம் 45292 என்று நிற்கும். பதற வேண்டாம், அது 2024 ஜனவரி 1. எக்செல் 1900 முதல் நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்த ஆண்டில் இல்லவே இல்லாத பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து! லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த பிழை அது. அதோடு ஒத்துப்போக வேண்டுமே என்று எக்செல்காரர்கள் தெரிந்தே சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள்.

பட்டறை டெம்ப்ளேட்டும் அந்த வம்சம்தான். வேலையை விட்டுப் போனவர் இன்னும் அடியில் ‘சரிபார்த்தவர்’. அழிக்கலாம், அழித்தால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறதே!