மைக்கு வயித்துல இன்னா இருக்கு?

பேராண்டி, அந்த ஸ்குரூ டிரைவரக் கீழ வையி. செகண்ட் ஹேண்டுல கண்டென்சர் மைக்கு வாங்கியாந்து சூடு ஆறல, அதுக்குள்ள அது வயித்தக் கிழிக்கணும்னு நிக்கிற. "உள்ள ஒரு ரகசிய சுவிட்சு இருக்காம் தாத்தா, தட்டி உட்டா சவுண்டு அள்ளுமாம்"ங்கிற. எவன்டா சொன்னான்? போன்ல பாத்தியா? அப்ப சரி, போன்ல வந்தது பொய்யாவா இருக்கும்!

2025 ஜூலையில நம்ம செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுனதுலேர்ந்து உனக்கு தேசிங்கு ராசா கூத்தப் பதிவு பண்ணி உலகத்துக்கே காட்டணும்னு ஆசை. நல்ல ஆசைதான். மேல்மலையனூர் அமாவாசைக்குக் குழா ஸ்பீக்கர் கட்டுன கெழவன் சொல்றதையும் காதுல போட்டுக்க. காசா பணமா?

சுவிட்சு இருக்குறது மெய்தான். ஜெர்மனியில நியூமன் கம்பெனிக்காரன் 1972ல யு 47 ஃபெட்டுனு ஒரு மைக்கு உட்டான். அதுல 10 டெசிபல் கொறைக்க ஒண்ணு, அடித்தொனிய வெட்ட ஒண்ணு. அது ரெண்டும் பத்தாதுன்னு அடியில, ஒயர் சொருவுற எடத்தாண்ட, 6 டெசிபல் கொறைக்க இன்னொண்ணு. குனிஞ்சு பாக்காதவனுக்கு அப்பிடி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

ஏன் ரெண்டு எடத்துல கொறைக்கணும்? வெவரம் இங்கதான் இருக்கு. பம்பக்காரன் கிட்ட நின்னு அடிச்சான்னா, மைக்கோட சவ்வுலேர்ந்து கெளம்புற சிக்னல உள்ள இருக்கிற ஆம்பிளிஃபயரே தாங்காது. சத்தம் அங்கயே கிழிஞ்சிடும். அப்புறம் நீ மிக்சர்ல எத்தினி கொறைச்சாலும் கிழிஞ்ச சத்தம் சின்னதாக் கேக்கும், அவ்ளோதான். அதுக்குத்தான் அந்தப் 10. ஆம்பிளிஃபயர் தொடுறதுக்கு முன்னாடியே வோல்டேஜ மூணுல ஒரு பங்காக்கிடும். மைக்கு தாங்குது, மிக்சர் வாசல்லதான் கிழியுதுன்னா அந்த 6. வெளிய போறதப் பாதியாக்கும். கிழியுற எடம் எதுன்னு தெரியாம எந்த சுவிட்சத் தட்டி இன்னா புண்ணியம்?

1967ல வந்த யு 87ல இன்னொரு கூத்து. கம்பெனியில அவுட்புட்ட 200 ஓமுக்குக் கட்டி அனுப்புவான். உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர் ஒயரக் கழட்டி மாத்தி ஈயம் வெச்சா 50 ஓம் ஆவும். ஆனா சவுண்டும் அதே 6 டெசிபல் கொறைஞ்சிடும். நீ அள்ளும்னு தொறந்து, பாதியாக்கி மூடுவ. பலே!

நம்ம கோட்டையில ராஜகிரி மலை ஏறியிருக்கியே, உச்சிக்குப் போறதுக்கு முன்னால ஒரு பள்ளம் வருமே, மரப்பாலம் போட்டுத் தாண்டுற எடம். அந்தப் பாலத்த எப்ப எடுக்கணும்னு கோட்டைய ஆண்டவனுக்குத் தெரியும். வேடிக்கை பாக்க வந்தவன் எடுத்தா அவனே மேல மாட்டிக்கினு முழிக்கணும். மைக்கு வயிறும் அப்பிடித்தான்.

இன்னும் தொறக்கணும்னு கை அரிக்குதா? தொற. சவ்வு மேல தங்கம் பூசியிருக்கும், மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்குகூட கனம் இருக்காது. தூசி இருக்குதேன்னு வேட்டி முனையால தொடைப்ப, தங்கம் வேட்டிக்கு வந்துடும். பக்கத்துல ஒரு ரெசிஸ்டர், ஒரு கிகா ஓம். நூறு கோடிடா! அம்மாம் பெரிய தடை இருக்குற எடத்துல உன் வெரல் வேர்வையே கரண்டுக்குக் குறுக்கு வழி. ஐப்பசி ஈரத்துக்கே சில மைக்கு பொரபொரங்கும். டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வெச்சாத் தீர்ற சமாச்சாரத்துக்கு நீ ஆப்ரேசன் பண்ணப் பாக்குற.

வெளிய இருக்கிறத மொதல்ல பாரு சாமி. 48 வோல்டு போட்டியா? மைக்கு ஒயர்லயே கரண்டு அனுப்புற இந்த வித்தைய 1966ல நார்வே ரேடியோக்காரன் கேட்டுத்தான் நியூமன் செஞ்சான். அவங்க ஸ்டுடியோவுல எமர்ஜென்சி வெளக்குக்கு 48 வோல்டு ஏற்கெனவே ஓடிக்கினு இருந்துச்சு, அதையே புடிச்சிக்கினாங்க. இருக்கிறத வெச்சு வேலைய முடிச்சவன் அவன். நீ இருக்கிறத ஒடைச்சு வேலை தேடுற.

அப்புறம், மைக்கு உச்சந்தலையில வாய வெச்சுப் பாடுறியே, இந்த மாதிரிப் பெரிய சவ்வு மைக்குல முக்காவாசிக்குப் பக்கவாட்டுலதான் கேக்கும். எந்தத் திசையில கேக்கணும்னு வைக்கிற சுவிட்சு எட்டு மாதிரிப் போட்ட படத்துல நிக்குது. அது முன்ன பாடுற உன்னையும் கேக்கும், பின்ன ஓடுற ஃபேனையும் கேக்கும். அதத் திருப்பு, ஃபேன நிறுத்து. திருவண்ணாமல பஸ்சு ரோட்டுல கியர் மாத்துற உறுமலுக்கு அடித்தொனி வெட்டுற சுவிட்சு இருக்கு. ஆனா மிருதங்கம் வாசிக்கும்போது அத எடுத்துடு, இல்லாட்டி பஸ்சோட சேந்து தொப்பிச் சத்தமும் போயிடும்.

ஒவ்வொண்ணாத் தட்டி, ஒரே பாட்ட ஒரே தூரத்துல பாடி, ஹெட்போன்ல கேட்டு, எது எங்க நின்னா இன்னா ஆச்சுன்னு ஒரு காயிதத்துல எழுதி டப்பாவுல ஒட்டு. அதுக்கப்புறமும் இரைச்சல் போவலன்னா விழுப்புரமோ பாண்டிச்சேரியோ போயி, வேலை தெரிஞ்சவன் கையில தொறக்கக் குடு.

பதிவு நல்லா வந்துச்சுன்னா தாத்தாதான் சொல்லிக் குடுத்தாருன்னு ஊரெல்லாம் சொல்லு. சொதப்பிச்சுன்னா போன்ல பாத்துப் பண்ணேன்னு சொல்லிடு, அது ஒண்ணும் கோவிச்சுக்காது.