தலைப்பின் தறுதலை வரலாறு

1997 நவம்பரில் ஒரு கூத்து நடந்தது. அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த நான்கு பெரிய வணிகத் தேடுபொறிகளிடம் அவற்றின் பெயரையே கொடுத்துத் தேடச் சொன்னால், மூன்று தேடுபொறிகளுக்கு முதல் பத்து விடைகளுக்குள் தங்கள் சொந்த வீட்டைக் காட்டத் தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த செர்கே பிரின், லாரி பேஜ் என்ற இரண்டு மாணவர்கள் இதைத் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதி மானத்தை வாங்கினார்கள். அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனைத் தேடியபோது, அவரை ஒரே வரியில் திட்டிவிட்டுப் பக்கத்தில் படத்தை ஒட்டியிருந்த ஒரு பக்கத்தை ஒரு பெரிய தேடுபொறி எடுத்து நீட்டியதையும் அதே கட்டுரையில் போட்டுக்கொடுத்தார்கள்.

தேடுபொறிகளுக்கு இப்படிப் புத்தி பேதலித்ததில் பக்கம் எழுதியவர்களின் கைங்கரியம் நிறைய உண்டு. அவர்கள் கையில் கிடைத்த ஆயுதங்களில் தலையானது, உலாவியின் உச்சியிலும் தேடல் முடிவிலும் தெரியும் பக்கத் தலைப்பு.

அது பிறக்கும்போது சாதுவாகத்தான் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ, வலையை உருவாக்கியபோதே பக்கத்துக்கு ஒரு தலைப்பு வேண்டும், ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம் என்று விதி வகுத்துவிட்டார். உலகத்தின் முதல் வலைப்பக்கத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'தி வேர்ல்ட் வைட் வெப் ப்ராஜெக்ட்'. ஆங்கிலத்தில் இடைவெளியும் சேர்த்து 26 எழுத்து. 'உலகின் நம்பர் ஒன் வலைத்தளம்' என்று அவர் போட்டிருந்தால் அது சத்தியமான உண்மையாக இருந்திருக்கும். போட்டிக்கு அன்று இன்னொரு தளம் கிடையாது. மனிதர் போடவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தகுதி துளிகூட இல்லாத எல்லோரும் போட்டுக்கொண்டார்கள்.

வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லுக்கு 1995 நவம்பரில் வந்த 2.0 ஆவணம் இன்னும் தெளிவாகப் புத்தி சொன்னது. தலைப்பு 64 எழுத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் சில இடங்களில் வெட்டுப்படும் என்றது. 'அறிமுகம்' என்று மொட்டையாக வைத்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது என்றும் எச்சரித்தது. பாடம் அத்தோடு முடிந்தது. அதை யாரும் படிக்கவில்லை என்பதுதான் மீதி வரலாறு.

முதல் தில்லுமுல்லு அகர வரிசையில் நடந்தது. 1994-இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற வேறு இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் நல்ல தளங்களைக் கையாலேயே பட்டியல் போட ஆரம்பித்தார்கள். (அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை ஒழுங்காக முடித்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று தெரியவில்லை.) அந்தப் பட்டியல்தான் யாஹூ. உள்ளே தளங்கள் அகர வரிசையில் நின்றன. பிறகென்ன? பெயருக்கு முன்னால் மூன்று 'ஏ'க்களை ஒட்டிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடி வந்தார்கள். ஆச்சரியக்குறி போட்டால் 'ஏ'வையும் முந்தலாம் என்று கண்டுபிடித்தவர் அதற்கும் முன்னால் போய் நின்றார். தொலைபேசிக் கையேட்டில் பூட்டுத் திறப்பவர்களும் குழாய் சரிசெய்பவர்களும் அதற்கு வெகுகாலம் முன்பே ஆடிய ஆட்டம்தான் இது.

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. பக்கத்தின் முழு உரையையும் படிக்கும். ஆனாலும் தலைப்பில் இருக்கும் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு தரும். நியாயமான ஏற்பாடுதான். எழுதியவரே தன் பக்கத்தைப் பற்றிச் சொல்வதை நம்பாமல் வேறு யாரை நம்புவது? இந்த நம்பிக்கையின் மேல் ஊரே ஏறி மிதித்தது. 'மலிவு டிக்கெட், விமான டிக்கெட், மலிவு விமான டிக்கெட், மலிவு மலிவு மலிவு' என்று தலைப்புகள் நீண்டன. பேருந்து நிலையத்தில் 'மதுரை மதுரை மதுரை' என்று கூவும் நடத்துநரின் பாணி. ஒரு வித்தியாசம்: அவருடைய பேருந்து நிஜமாகவே மதுரைக்குப் போகும்.

தலைப்பில் இடம் போதாதவர்கள், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் அதே சொல்லை நூறு முறை அடித்து ஒளித்துவைத்தார்கள். மீன் தொட்டி விற்கும் பக்கத்தில், தேடுபொறிக்கென்றே ஒளிந்திருக்கும் குறிச்சொற்களில், அன்று புகழின் உச்சியில் இருந்த நடிகைகளின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நெட்ஸ்கேப் உலாவியின் தொடக்ககாலப் பதிப்பு ஒன்றில், ஒரே பக்கத்தில் பல தலைப்புகளை அடுக்கினால் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, தலைப்புப் பட்டையில் படம் ஓடுவது போலக் காட்டும். 'ஒன்றே ஒன்றுதான்' என்ற செர்ன் விதி அத்தோடு காற்றில் போனது.

இன்னொரு பக்கம் சோம்பேறிகள் இருந்தார்கள். பக்கம் வடிவமைக்கும் ட்ரீம்வீவர் மென்பொருள், புதிய பக்கத்துக்குத் தானாகவே 'அன்டைட்டில்டு டாக்குமென்ட்' (பெயரில்லா ஆவணம்) என்று பெயர் வைக்கும். ஃப்ரன்ட்பேஜ் 'நியூ பேஜ் 1' என்று வைக்கும். அதை மாற்ற வேண்டும் என்று தெரியாமல் கம்பெனிகளும் கல்லூரிகளும் அப்படியே வலையேற்றிவிட்டன. அந்தக் காலத்தில் யாராவது 'அன்டைட்டில்டு டாக்குமென்ட்' என்று தேடியிருந்தால் விடை லட்சக்கணக்கில் வந்து குவிந்திருக்கும். பேராசைக்காரரின் தலைப்பை விட இதுவே எனக்குப் பரிதாபம். அவராவது கூட்டத்தைக் கூட்டினார். இவர் கடையைத் திறந்துவிட்டுப் பெயர்ப்பலகையை உள்ளே சாத்திவைத்திருந்தார்.

தமிழ்ப் பக்கங்களின் பாடு தனி. ஒருங்குறி (யூனிகோடு) பரவும் முன்பு ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு குறியாக்கம். பக்கத்தின் உள்ளே எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தமிழைக் காட்டிவிடலாம். தலைப்புப் பட்டையை வரைவதோ கணினியின் இயங்குதளம். அதற்கு நம் எழுத்துரு தெரியாது. உள்ளே கம்பீரமாகத் தமிழ் இருக்க, மேலே தலைப்பில் ஐரோப்பிய எழுத்துகள் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்துப் பேயாட்டம் ஆடின. தேடுபொறிக்கும் அந்தப் பேயாட்டம்தான் தெரிந்தது. வெறுத்துப்போய்ப் பலர் தமிழ்ப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் தலைப்பு வைத்தார்கள். விண்டோஸ் 2000 ஒருங்குறித் தமிழைக் கற்றுக்கொண்டு, அது வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் தமிழ்த் தலைப்பைத் தமிழில் பார்க்க முடிந்தது. பிழைத்து வந்த தலைப்பை நாம் என்ன செய்தோம்? 'இவர் செய்த காரியத்தைப் பாருங்க!' என்று போட்டோம். எவர், எந்தக் காரியம் என்பது கடைசிப் பத்தி வரை ரகசியம். 'அறிமுகம்' என்று வைக்காதே என்றவர்கள் இதைக் கனவிலும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கூகிளை உருவாக்கிய பிரின்-பேஜ் கதைக்கு வருவோம். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் கேட்காமல், மற்றப் பக்கங்கள் அதற்குத் தரும் இணைப்புகளையும் கணக்கில் எடுத்தார்கள். அதற்காகத் தலைப்பைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தலைப்புகளில் மட்டும் தேடி, இணைப்புக் கணக்கால் வரிசைப்படுத்தினாலே பெரும்பாலான பிரபலமான விஷயங்களுக்கு அருமையான விடை வருகிறது என்று அதே கட்டுரையில் காட்டினார்கள். யோக்கியமான பக்கங்கள் வைத்த யோக்கியமான தலைப்புகள் அதற்குப் போதுமாயிருந்தன.

குறிச்சொற்களுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வலைத்தேடலின் தரவரிசைக்கு அவற்றைப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009 செப்டம்பரில் கூகிள் பகிரங்கமாக அறிவித்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அவற்றை நிரப்பித் தரக் கட்டணம் வாங்கிய நிபுணர்கள் இருந்தார்கள்.

தலைப்புக்கு வந்த தண்டனை வேறு வகை. 2021 ஆகஸ்டில், நாம் வைத்த தலைப்பு சரியில்லை என்று பட்டால் பக்கத்தின் உள்ளே இருக்கும் வேறு வாசகத்தை எடுத்துத் தேடல் முடிவில் போடும் புதிய முறையை கூகிள் கொண்டுவந்தது. நீளம் அதிகம், ஒரே சொல்லை அடுக்கியது, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு, தலைப்பே இல்லாதது எல்லாம் மாட்டின. பக்கங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்ட எஸ்.இ.ஓ. உலகம் குய்யோ முறையோ என்று அலறியது. அடுத்த மாதமே கூகிள் கொஞ்சம் இறங்கி வந்து, சுமார் 87 சதவீத நேரம் உங்கள் தலைப்பைத்தான் காட்டுகிறோம் என்றது. மீதிக்கு ஒரு இயந்திரம் பெயர் சூட்டுகிறது.

கணினித் திரையில் கூகிள் ஒரு தலைப்புக்கு விடும் இடம் ஏறத்தாழ 600 பிக்சல். ஆங்கிலத்தில் 60 எழுத்து அதற்குள் அடங்கும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, அவ்வளவு தேறாது. அதனால் சொல்ல வேண்டிய விஷயத்தை முதலில் வையுங்கள். நிறுவனத்தின் பெயர் கடைசியில் வரட்டும். 'வரவேற்கிறோம்' வேண்டவே வேண்டாம். வந்தவரை உள்ளே வைத்து வரவேற்றுக்கொள்ளலாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் தளத்தைத் திறந்து, உலாவியின் தாவலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'முகப்பு' என்று இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.