தூரமே தகுதி: டெஸ்ட் அணித் தெரிவை மன்னாருக்கு மாற்றுவது பற்றி ஓர் ஆய்வு

இலங்கை அணி சொந்த நாட்டில் டெஸ்ட் தொடர் ஆடப்போகிறது என்ற செய்தி வந்ததும் நாட்டில் இரண்டு தெரிவுக்குழுக்கள் கூடுகின்றன. ஒன்று கொழும்பு 7, மெயிட்லண்ட் பிளேஸில் கூடுவது. அதற்கு நியமனக் கடிதம் உண்டு, படி உண்டு, ஊடகச் சந்திப்பு உண்டு. மற்றது மன்னார்த் தீவில் கூடுவது. பேசாலைக் கரையின் வாடிகளிலும், மன்னார் பஸார்த் தேநீர்க்கடைகளிலும், சலூன் வாங்குகளிலும், தலைமன்னார்ப் பக்கம் பஸ் வரும்வரை காத்திருக்கும் நிழல்களிலும் ஒரே நேரத்தில் அமர்வு நடத்தும் இந்தக் குழுவுக்கு நியமனக் கடிதம் கிடையாது. ஆதலால் பதவி விலகலும் கிடையாது. (பஸார்ச் சந்தியில் அமர்வு நடக்கையில் பக்கத்தில் வந்து நிற்கும் கழுதைகள், அவை காட்டும் பொறுமை எத்தகையதாயினும், இந்த ஆய்வில் உறுப்பினராகக் கணக்கிடப்படவில்லை.) முதலாவது குழுவைப் பற்றி மலைபோல் எழுதிக் குவித்துவிட்டார்கள். இரண்டாவதை ஆய்வுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இலங்கை டெஸ்ட் அணியைத் தெரிவு செய்ய நாட்டிலேயே மிகப் பொருத்தமானது மன்னார்க் குழுதான் என்பதும், அந்தப் பொருத்தம் அதன் கிரிக்கெட் அறிவைவிடக் கிரிக்கெட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தாலேயே வந்தது என்பதும் இங்கே நிறுவப்படும்.

வழக்கில் பங்குள்ளவன் நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது எந்த நீதிமன்றமும் மறுக்காத விதி. இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு தீவின் வரைபடத்தைப் பார்த்தால் போதும். 1982இல் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடியது முதல் இன்றுவரை டெஸ்ட் நடந்த மைதானங்கள் எட்டு. அவை எல்லாம் கொழும்பு, மொறட்டுவை, கண்டி, காலி ஆகிய ஊர்களையும் அவற்றின் அயலையும் சேர்ந்தவை. வட மாகாணத்தில் ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அது எழுந்துவிட்டால் யாழ்ப்பாணம் இந்தத் தகுதியை மெல்ல மெல்ல இழக்கத் தொடங்கும் என்று அஞ்ச இடமுண்டு. மன்னாருக்கு அந்த ஆபத்து இப்போதைக்கு இல்லை. மன்னாரில் பிறந்து டெஸ்ட் தொப்பி அணிந்தவரும் இல்லை. ஆகவே பேசாலை வாடியில் அமர்ந்து மூன்றாவது சுழற்பந்து வீச்சாளர் யார் என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லும்போது, அந்த இடத்துக்குப் போட்டியிடுகிற எவரும் அவருக்கு மருமகனில்லை, பள்ளித் தோழனில்லை, கழகத் தோழனில்லை, பக்கத்து வீட்டுக்காரனுமில்லை. கொழும்பிலே இதே கேள்விக்குப் பதில் சொல்பவர் எந்தக் கல்லூரியின் பழைய மாணவர், எந்தக் கழகத்துக்கு ஆடியவர் என்பதை நாடே கேட்கும். மன்னாரில் அப்படிக் கேட்டால் கேட்டவரைத்தான் ஒருமாதிரிப் பார்ப்பார்கள்.

இந்த நடுநிலை மன்னார்க்காரரின் பிறவிக் குணம் அல்லவா, தூரத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நல்ல ஆய்வுக்கு ஒப்பீட்டுச் சான்று வேண்டும். அதை மன்னாரே தாராளமாகத் தருகிறது. மன்னார் உதைபந்தாட்ட மண். பள்ளிமுனை, பேசாலை, தாழ்வுபாடு, பனங்கட்டிக்கொட்டு, எருக்கலம்பிட்டி, பாலம் தாண்டினால் வங்காலை, விடத்தல்தீவு என்று ஊருக்கு ஊர் அணியும், அணிக்கு அணி பழைய கணக்குகளும் உண்டு. டெஸ்ட் அணியைப் பற்றி அவ்வளவு நிதானமாகத் தீர்ப்பளித்த அதே மனிதரிடம், அதே வாங்கில், அதே பிளேன்டீ ஆறுவதற்குள், மாவட்ட உதைபந்தாட்ட அணியில் யாரைச் சேர்க்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். சான்றுகள் மறைந்துவிடும், ஊர்ப் பெயர்கள் மட்டும் மிஞ்சும். சுழற்பந்து வீச்சாளரின் சராசரியைத் தசமத்தோடு சொன்னவர், தன் ஊரின் முன்கள வீரர் சென்ற பருவத்தில் எத்தனை கோல் போட்டார் என்பதை ஞாபகத்திலிருந்து அல்லாமல் அன்பிலிருந்து சொல்வார். குணம் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். மாறியது தூரம் மட்டுமே. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை எந்த ஆய்வுகூடத்திலும் நடத்த முடியாது.

இனி வரலாறு. சார்பில்லாத தெரிவாளர் என்ன சாதிப்பார் என்பதற்கு இலங்கை கிரிக்கெட்டில் இரண்டு முன்னுதாரணங்கள் உள்ளன. இரண்டும் காலி மைதானத்தில் நிகழ்ந்தவை. முதலாவது தெரிவாளரின் பெயர் காயம். 2009 ஜூலையில் பாகிஸ்தான் வந்தபோது முத்தையா முரளிதரன் காயத்தால் ஆட முடியவில்லை. 1999இல் இதே காலியில் அறிமுகமாகிப் பின்னர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த ரங்கன ஹேரத், இங்கிலாந்தில் கழகக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அழைக்கப்பட்டார். 168 ஓட்டங்கள் என்ற எளிய இலக்கைத் துரத்திய பாகிஸ்தான் 117க்குச் சுருண்டது. ஹேரத் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். அதன்பின் அவர் 2018 நவம்பரில் காலியிலேயே விடைபெற்றபோது கணக்கு 433 விக்கெட்டில் நின்றது. காலியில் மட்டும் நூறைத் தாண்டியிருந்தது. இரண்டாவது தெரிவாளர் கொரோனா வைரஸ். 2022 ஜூலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான இரண்டாவது டெஸ்டுக்கு முன் இலங்கை வீரர்கள் பலருக்குத் தொற்று உறுதியாக, திறந்த கதவால் உள்ளே வந்தவர் பிரபாத் ஜயசூரிய. முதல் இனிங்ஸில் 6, இரண்டாவதில் 6, மொத்தம் 12 விக்கெட். இலங்கைக்கு இனிங்ஸ் வெற்றி. ஏழே டெஸ்ட்களில் அவர் 50 விக்கெட்டைத் தொட்டார். அதே போட்டியில் அறிமுகமாகி 61 ஓட்டங்கள் எடுத்த கமிந்து மென்டிஸைப் பழைய தெரிவாளர்கள், அதாவது மனிதர்கள், 2024 மார்ச்வரை திரும்ப அழைக்கவில்லை. திரும்பி வந்த முதல் டெஸ்டில் சில்ஹெட்டில் இரண்டு இனிங்ஸிலும் சதம் அடித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் காலியில் நியூசிலாந்துக்கு எதிராக 182 ஆட்டமிழக்காமல் எடுத்து, 13 இனிங்ஸில் ஆயிரம் ஓட்டம் என்ற பிரட்மனின் கணக்கோடு சமன் செய்தார். காயத்துக்கும் வைரஸுக்கும் பொதுவான சிறப்பு என்ன? இரண்டுமே கொழும்பின் எந்தக் கழகத்திலும் அங்கத்துவம் பெற்றவை அல்ல. இந்த வரிசையில் மூன்றாவதாக நிற்பது மன்னார். முன்னிரண்டைவிட உடம்புக்குக் கெடுதி குறைந்ததும் அதுவே. ஒன்றையும் இடையில் குறித்துவைக்கலாம்: அந்த 2022 டெஸ்டின்போது காலிக் கோட்டை மதில்மேல் ஆர்ப்பாட்டக்காரர் நின்றார்கள், கொழும்பில் ஜனாதிபதி மாளிகை மக்கள் கைக்குப் போனது, நாடெங்கும் எரிபொருள் வரிசை நீண்டது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நின்ற அந்த வரிசைகளைவிட நீண்ட அமர்வுகளை மன்னார்க் குழு முன்னும் நடத்தியதில்லை, பின்னும் நடத்தியதில்லை. இடையே எழுந்துபோக எவருக்கும் வழியில்லை. போனால் இடம் போய்விடும்.

அறிவு பற்றிய ஆட்சேபம் வழக்கமானது. புல்தரை ஆடுகளத்தைத் தொட்டுப் பார்க்காதவர்கள் டெஸ்ட் அணியை எப்படித் தெரிவார்கள்? தொட்டுப் பார்த்தவர்கள் தெரிவு செய்த அணி 2025இல் அதே காலியில் அவுஸ்திரேலியாவிடம் இனிங்ஸாலும் 242 ஓட்டங்களாலும் தோற்றது, இலங்கையின் மிகப் பெரிய தோல்வி அது, என்பதோடு இந்தப் பேச்சை முடித்துவிடலாம். ஆனாலும் மன்னார்ப் பக்கத்தில் ஓரளவு அறிவும் இருக்கிறது என்பதை நேர்மை கருதிச் சொல்லவேண்டியுள்ளது. காலி மைதானத்தின் இரண்டு பெரும் புதிர்கள் கோட்டையும் காற்றும். கோட்டை மன்னாருக்குப் புதிதல்ல. 1560இல் போர்த்துக்கீசர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை தீவின் வாசலிலேயே நிற்கிறது. காலிக் கோட்டை மதிலிலிருந்து சீட்டு வாங்காமல் டெஸ்ட் பார்க்கலாம், மன்னார்க் கோட்டை மதிலிலிருந்து கடலையும் பாலத்தையும் பார்க்கலாம் என்பதே வேறுபாடு. காற்றைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். ஜூன் முதல் காலியில் ஒரு முனையிலிருந்து பந்தை இழுத்துக்கொண்டு போகிற அந்தச் சோளகம் மன்னாரின் தென்கரையில் வள்ளத்தை இறக்க விடாமல் அடிக்கிற அதே சோளகம்தான். அதற்கு எந்தப் பக்கம் முகம் கொடுப்பது என்பதில் வாழ்வே தங்கியிருக்கிற ஒருவரிடம் எந்த முனையிலிருந்து யார் வீசவேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு? நடுக்குடாக் கரையில் 2020 முதல் சுழலும் 30 காற்றாலைகளும் காற்று எங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ள அரசாங்கமும் மன்னாருக்குத்தான் வந்தது என்பதற்குச் சாட்சி. கரையோர மக்கள் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று 2025இல் வீதிக்கு இறங்கியது வேறு விவாதம். அதில் இந்த நடுநிலையை எதிர்பார்க்கக்கூடாது, காற்று அவர்களுடையது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கூச்சத்தோடு எழுப்பப்படுவது: இந்தியா வரும்போது இந்தக் குழுவின் மனம் யார் பக்கம்? தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். தலைமன்னாருக்கும் காலிக்கும் இடையே ஏறக்குறைய முழு நாடு. மறைக்க ஒன்றுமில்லை. இந்தியத் தொடர் வந்தால் மன்னார்க் குழு இரண்டு அணிகளையும் தெரிவு செய்கிறது. எதிரணிக்கும் பதினொருவரைக் குறையில்லாமல் எடுத்துக் கொடுப்பவரைப் பக்கச்சார்பு உள்ளவர் என்று எந்த அகராதியைக் கொண்டு சொல்வது? 2015 ஆகஸ்டில் காலியில் நடந்த டெஸ்ட் இந்த இரட்டைப் பொறுப்பின் உச்சம். சென்னைக்காரரான அஸ்வின் முதல் இனிங்ஸில் 46 ஓட்டங்களுக்கு 6 பேரை வீழ்த்தினார், இரண்டாவதில் மேலும் 4. இலங்கை 192 ஓட்டங்கள் பின்தங்கியது. அங்கிருந்து தினேஷ் சந்திமால் ஆட்டமிழக்காமல் 162 எடுத்தார். 176 என்ற இலக்கைத் துரத்திய இந்தியாவை ஹேரத் 48 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்து 112இல் முடித்தார். எந்தப் பக்கம் இருந்தவரும் வெறுங்கையோடு எழுந்து போகவில்லை.

கனமான ஆட்சேபம் மூன்றாவதுதான்: மன்னார் தெரிவு செய்யும் அணியில் எப்போதும் பதின்மூன்று பேர் இருக்கிறார்கள். இதை மறுக்க முடியாது. ஒருவரைச் சேர்க்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது. ஒருவரை நீக்கும் தீர்மானத்துக்கு வழிமொழிய ஆள் கிடைப்பதில்லை. முன்மொழிந்தவரே, பாவம் அவன், போன முறை ஐம்பது அடித்தவன்தானே என்று மீளப் பெற்றுக்கொள்கிறார். உத்தியோகபூர்வக் குழுவுக்கும் இதே இளகிய மனம் உண்டு, 2025 ஜூனில் பங்களாதேஷ் வந்தபோது 18 பேர் கொண்ட குழாத்தை அறிவித்தது என்று சொல்லித் தப்பிவிடலாம். அது மலிவான பதில். சரியான பதில் கணிதத்தில் இருக்கிறது. அந்தத் தொடரின் காலி டெஸ்டில் அறிமுகமானவர் தரிந்து ரத்நாயக்க. இரு கையாலும் சுழற்பந்து வீசுபவர். ஏற்கெனவே அணியில் இருந்த கமிந்து மென்டிஸும் இரு கையாலும் வீசுபவர். கை மாற்றுமுன் நடுவரிடம் சொல்லிவிடவேண்டும். விதி கேட்பது அவ்வளவுதான். ஆக, ஆளுக்கு ஒரு பந்துவீச்சாளர் கூடுதல். பதினொருவரோடு இருவரைக் கூட்டினால் பதின்மூன்று. மன்னார் நெடுங்காலமாகச் சொல்லிவந்த எண்ணிக்கையைக் கொழும்பு, சட்டத்தை மீறாமல் அடையும் வழியை 2025இல்தான் கண்டுபிடித்தது. அந்த டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி முடிந்ததே என்பார்கள். பங்களாதேஷ் அணித்தலைவர் ஷாந்தோ இரண்டு இனிங்ஸிலும் சதம் அடித்ததற்கு இங்கே யாரும் பொறுப்பல்ல. அந்த அணியை மன்னார் தெரிவு செய்யவில்லை.

நிர்வாகத் தடைகள் சில்லறையானவை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 2017 டிசம்பரில் அந்த ஒப்புதல் இல்லாமல் இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒருநாள் அணி வீரர்கள் ஒன்பது பேர் விமான நிலையத்தில் வைத்துத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். உள்நாட்டுத் தொடரில் விமான நிலையம் இல்லை. அமைச்சர் விரும்பினால் தெற்கு அதிவேகப் பாதையில் பஸ்ஸை மறிக்கவேண்டியிருக்கும், அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அமர்வுக்கு வேண்டிய கோரம்தான் ஓரளவு யோசிக்கவைக்கிறது. ஜூலை 2ஆம் திகதியும் ஆகஸ்ட் 15ஆம் திகதியும் மடுத் திருவிழா. பேசாலையும் பள்ளிமுனையும் அங்கே போய்விடும். மேற்சொன்ன டெஸ்டில் ஹேரத் இந்தியாவை முடித்ததும் ஓர் ஆகஸ்ட் 15இல்தான். அந்த நாட்களில் எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் பொறுப்பேற்கலாம். வெள்ளி மதியம் ஜும்ஆ நேரத்தில் பேசாலை அதைத் திருப்பிச் செய்யலாம். திருக்கேதீஸ்வரத்தில் சிவராத்திரி என்றால் மற்றவர்கள் விழித்திருக்கலாம். எல்லாரும் ஒன்றாகக் காணாமற்போகும் நாள் மாவட்ட உதைபந்தாட்ட இறுதிப்போட்டி நாள் ஒன்றே. அன்றைக்கு யாருக்காவது காயமோ காய்ச்சலோ வராவிட்டால், கொழும்பே தெரிவு செய்துகொள்ளட்டும்.