நிலாவின் செல்லப்பிள்ளை

கேள்வி: உலகத்துக்கே ஒரே நிலா. அப்படியிருக்க, கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் மட்டும் ஓதம் ஐந்து மாடி உயரத்துக்கு ஏறுகிறதே, அந்த ஊர் மேல் நிலாவுக்கு அப்படியென்ன பாசம்?

பதில்: பாசம் நிலாவுக்கு இல்லை, பொருத்தம் விரிகுடாவுக்கு! நடுக்கடலில் நிலாவின் இழுப்புக்கு நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். ஆனால் ஃபண்டிக்குள் நுழையும் நீர் உள்கரை வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகிறது. ஓதமோ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் வீச்சு கூடிக்கொண்டே போகுமல்லவா? அதேதான். போதாததற்கு, விரிகுடா உள்ளே போகப் போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. ஒதுங்க இடமில்லாத நீர் மேலேதான் ஏற வேண்டும். கோடியிலுள்ள மைனாஸ் படுகையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் 16 மீட்டர் வரை போகிறது. உலகிலேயே மிக உயர்ந்த ஓதங்களில் ஒன்று இது.

இதே விரிகுடாக் கரையிலுள்ள செயின்ட் ஜான் நகரில் இன்னும் அழகு: கடல் ஏறும்போது ஆறே பின்னோக்கி ஓடுகிறது!

வாய்ப்புக் கிடைத்தால் அதே விரிகுடாவிலுள்ள ஹோப்வெல் பாறைகளுக்குப் போய்வாருங்கள். கடல் வற்றியதும் தரையில் நடக்கலாம். சில மணி நேரத்தில் அதே இடத்தில் படகு விடுவார்கள். ஓத நேர அட்டவணையைப் பார்க்காமல் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.