பழைய தோட்டத்து வீட்டுக்குச் சாய்ப்பு இறக்குதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

முன்னுரை

கட்டடக் கலையைப் பற்றிய பழைய நூல்களுக்கு நம்மிடம் குறைவில்லை. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கிற இடம் வருகிறது. கோல் நட்டு, உச்சிவேளை நிழல் பார்த்து, நூல் பிடித்து, திசை தப்பாமல் அளக்கிறார்கள். மயமதம் கோயிலுக்கும் ஊருக்கும் இலக்கணம் சொல்கிறது. மனையடி சாஸ்திரமோ அறையின் நீள அகலத்துக்கு அடிக்கு அடி பலன் வைத்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே நிற்கிற ஒரு வீட்டின் விலாவில், ஞாயிற்றுக்கிழமைகளில், மச்சினனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கொத்தனார் கூலியை மிச்சம் பிடிக்கும் உயர்ந்த நோக்கத்தோடு ஓர் அறையை ஒட்டவைப்பது எப்படி என்று இவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (சுவருக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த இடைவெளி வேறு, அது 5ஆம் இயலில் வருகிறது.)

ஆய்வுக் களம், தாராபுரம் பக்கம் ஒரு கிணற்றுப் பாசனத் தோட்டம். அதன் நடுவே மண்சுவர் எழுப்பிச் சீமை ஓடு போட்ட வீடு. ஆய்வாளர் நான். உதவி ஆய்வாளர் என் மனைவியின் தம்பி, பொறியியல் பட்டதாரி. எந்தப் பொறியியல் என்று அஸ்திவாரம் முடிந்த பிறகுதான் கேட்டேன். கம்ப்யூட்டராம். மேற்பார்வை என் அப்பத்தா. திண்ணையில் உட்கார்ந்தபடி, வெற்றிலை இடித்தபடி. திட்டமிட்ட காலம் மூன்று வாரம். எடுத்துக்கொண்ட காலம் தையிலிருந்து ஐப்பசி வரை.

1. சொல்லாராய்ச்சி

இத்துறையின் கலைச்சொற்கள் ஆரம்பத்திலேயே மாணவனை எச்சரித்துவிடுகின்றன. அஸ்திவாரத்துக்குக் குழி எடுப்பதைக் கொத்தனார்கள் ‘வானம் தோண்டுவது’ என்பார்கள். எழுத்தில் எப்படியோ, காதில் வானம் என்றுதான் விழுகிறது. சுவர் வைத்துக் கூரை ஏற்றுவதை ‘சாய்ப்பு இறக்குவது’ என்பார்கள். ஆக, வானத்தைத் தோண்டி, அறையை இறக்குகிறோம். மேல் கீழ் என்ற பேதமே அற்றுப்போன நிலையில்தான் இந்த வேலை தொடங்குகிறது.

மற்ற சொற்கள் உடம்பிலிருந்து வருகின்றன. அடியில் கடைக்கால். மேலே கைமரம். இரண்டு கூரைகள் சேரும் பள்ளம் கூடுவாய். பின்னால் சுவரை நீட்டுவதற்காகக் கல்லை ஒன்றுவிட்டு ஒன்று நீட்டிவைத்தால் அது பல். கால், கை, வாய், பல் எல்லாம் உள்ள ஓர் உயிரின் விலாவைக் கடப்பாரையால் திறக்கப் போகிறோம் என்பதை ஆய்வாளர் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

2. காரண காரியம்

எதற்காக இந்த அறை என்று கேட்டவர்களுக்கு நாங்கள் சொன்ன பதில்கள் ஆறு. வாஷிங் மெஷின் வைக்க, விருந்தாளி வந்தால் படுக்க, பையன் படிக்க, விதை நெல் அடுக்க, மோட்டார் சாமான் போட, சும்மா காற்றாட உட்கார. ஆறில் ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவு வேறு. முதல் வரைபடம் 10க்கு 13 அடி. அன்று மாலையே மனைவியின் பெரியப்பா வந்து, 13 ஆகாது என்றார். 16 நல்லது என்றார். சாஸ்திரம் உள்ளளவுக்கா வெளியளவுக்கா என்று உதவி ஆய்வாளர் கேட்டதற்கு, “காசு கொறையறதுக்குக் கேக்கறயா, கஷ்டம் கொறையறதுக்குக் கேக்கறயா கண்ணு?” என்றார். நீளம் 16 ஆயிற்று. கணக்கில் செங்கல் கூடியது. சாஸ்திரத்தின் முதல் பலன் செங்கல் சூளைக்காரருக்குப் போனது.

3. கோணவியல்

கருவிகள்: தூக்குக்குண்டு, ரசமட்டம், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம், நூல். மூலை பிடிக்க, கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் 3-4-5 கணக்கு: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம். பைதாகரஸ் பெயரால் பள்ளியில் படித்த அதே சங்கதி.

ஆனால் இது நேரான சுவருக்கான சங்கதி. எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் மூன்று இடத்திலிருந்து மூலை பிடித்தோம், மூன்று செங்கோணங்கள் கிடைத்தன, ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், 8 அடி உயரத்தில் சுவர் 2 அங்குலம் உள்வாங்கியிருந்தது. உதவி ஆய்வாளர் வீடு விழப்போகிறது என்று அறிவித்துவிட்டு வண்டியை எடுத்து வெளியே நிறுத்தினார்.

அந்த வழியாக டிவிஎஸ் 50இல் போன பெரிய கொத்தனார் ஒருவர், இறங்காமலே சொன்னார்: “செவுரு சாயலீங் தம்பி. மண்ணுச் செவுத்த அடி பெருத்து, மேல சிறுத்துத்தான் வெப்பாங்க. நீங்க குண்டத் தொங்க உட்டா அது என்னங் பண்ணும்?”

உண்மைதான். மண்சுவர் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அதனால் அடியில் அகலமாகவும் மேலே போகப்போக மெலிந்தும் இருக்கும். நாங்கள் கோணல் என்று அளந்தது அதன் லட்சணம்.

இப்போது கொள்கைப் பிரச்சினை எழுந்தது. புதுச்சுவரை நூல் பிடித்து நேராக வைத்தால், பழைய சுவரோடு சேருமிடத்தில் ஆப்பு வடிவில் சந்து விழும். பழையதற்கு இணங்க வைத்தால், புதுச்சுவரும் பிறக்கும்போதே கூன் போட்டிருக்கும். பாதிவரை இணங்கி, மேலே நிமிரலாம் என்பது உதவி ஆய்வாளரின் சமரசத் திட்டம். 1173இல் தொடங்கிய பைசா கோபுரத்தைக் கட்டியவர்களும் நடுவழியில் சாய்வைத் திருத்தப் பார்த்தார்கள். விளைவாக அந்தக் கோபுரம் சாய்ந்திருப்பதோடு லேசாக வளைந்தும் இருக்கிறது. இத்தாலியின் அனுபவத்தை முன்னிட்டு, நேராகவே வைத்தோம். சந்தைக் கலவையால் அடைத்தோம்.

4. கூரைக் கணக்கு

இத்துறையில் நுழைகிற எவரும் விழுகிற குழி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய இறவாரத்தின் உயரம் 7 அடி. ஓட்டுக்கூரை 2 அடி போனால் 1 அடி இறங்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தயங்காமல் ஓடும். 10 அடி அகலத்துக்கு அதே சரிவை நீட்டினால் 5 அடி இறங்கும். வெளிச்சுவரின் உயரம் 2 அடி. அந்த அறையில் வாஷிங் மெஷின் நிற்காது, விருந்தாளி படுக்கலாம், எழுந்திருக்க முடியாது. கோழிகளுக்கு உத்தமம்.

ஆகவே திருத்தங்கள். அகலத்தை 8 ஆக்கினோம் (பெரியப்பா சம்மதித்தார்). தரையைப் பழைய தரையைவிட 1 அடி தாழ்த்தினோம். உள்ளே 8 அடி உயரம் கிடைத்தது. சரிவையும் குறைத்து, 3 அடிக்கு 1 அடி என்றாக்கினோம். அப்படியும் வெளிச்சுவர் 5 அடி 4 அங்குலத்தில் நின்றது. உதவி ஆய்வாளரின் உயரம் 5 அடி 9 அங்குலம். வித்தியாசமான 5 அங்குலம் அவர் நெற்றியில் பதிவாகியிருக்கிறது. விரும்புவோர் நேரில் பார்வையிடலாம்.

அடுத்தது ஓடு. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார். அந்த வார்ப்பு மேற்குக் கரை முழுக்கப் பரவி, கணவாய் தாண்டி நம் பக்கம் வந்தபோது சீமை ஓடு ஆனது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு பிடிக்கும். எங்கள் கூரைக்கு 225 போதும். உடைசலுக்குச் சேர்த்து 300 வாங்கினோம், இடித்த வீட்டு ஓடாக, மலிவு விலையில்.

ஒவ்வோர் ஆலைக்கும் அச்சு வேறு என்பது ஓடு வந்து இறங்கிய பிறகு தெரிந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் ஆலையின் பெயர் பதிந்திருக்கும். ஒரே ஆலை ஓடுகள் ஒன்றின் வரப்பு மற்றதன் பள்ளத்தில் ‘டக்’கென்று உட்காரும். வேறு வேறு ஆலை ஓடுகள், கூட்டுக் குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள்போல அருகருகே இருக்கும், சேர்ந்திருக்காது. எங்கள் 300இல் நான்கு ஆலைகள் இருந்தன. இரண்டு நாள் திண்ணை முழுக்க ஓட்டைக் கவிழ்த்துப் போட்டு, குலம் கோத்திரம் பிரிப்பதுபோலப் பிரித்தோம்.

ஆடி வந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே மலைத்தொடரில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது; சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் காற்றுக்காகவே திறந்துவைத்த கதவு. தென்மேற்குக் காற்று அதில் நுழைந்து நேரே வருவதால்தான் இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. சரிவு குறைந்த கூரையைக் காற்று அழுத்துவதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். எங்கள் சாய்ப்பு மேற்குப் பார்த்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சரிபார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அம்மி இருந்த இடத்தில் இருந்தது. ஓடுகள் சோளக்காட்டில் இருந்தன. மிச்சத்தைக் கட்டுக்கம்பி போட்டு ரீப்பரோடு கட்டினோம்.

5. ஒட்டு

லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். மண்சுவரோடு அதற்கு ஆகாது. மண்சுவர் மழைக்கு ஈரம் குடித்து, வெயிலுக்கு ஈரம் விடும். வேனிலில் சுருங்கும், மாரியில் பருக்கும். சிமென்ட் இறுகினால் இறுகியதுதான். மண்சுவர்மேல் நாங்கள் பூசிய சிமென்ட்டுப் பூச்சு மூன்றாம் மாதம் அப்பளம்போல உப்பி, ஐந்தாம் மாதம் அப்பளம்போலவே உடைந்தது.

அதோடு, பழைய வீடு இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டது. புதுசு இனிமேல்தான் உட்கார வேண்டும். ஒன்று அசையாமல் நிற்க, மற்றது மெல்ல இறங்கினால், நடுவே விரிசல் வராமல் இருக்காது. இதற்காகத்தான் விவரம் தெரிந்தவர்கள் இரண்டையும் கட்டிப்போடாமல், சின்னச் சந்து விட்டே கட்டுகிறார்கள். நாங்கள் அடைத்துவைத்திருந்த ஆப்புச் சந்து, ஆவணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டுத் தன்னைத் தானே திறந்துகொண்டது.

6. முக்கியக் கண்டுபிடிப்பு

பல் விட்டுக் கட்டினால் சரியாகும் என்று முடிவுசெய்து, பழைய சுவரின் பூச்சைச் சுரண்டினோம். ஒரு முழம் சுரண்டியதும் உதவி ஆய்வாளர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே இன்னொரு கோடு. மேலிருந்து கீழாக, எங்கள் விரிசல் போலவே. கோட்டுக்கு இந்தப்பக்கம் மண். அந்தப்பக்கம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கோட்டுக்குள் விரல் விட்டால், நான்காக மடித்துத் திணித்த கோணிச்சாக்கு, சுண்ணாம்பு தோய்ந்து கல்லாகியிருந்தது. ஆசாரம் என்கிற கூடமும் சமையல்கட்டும் ஒரே சுவர் என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தோம்.

சாக்குத் துணுக்கைக் கொண்டுபோய் அப்பத்தாவிடம் காட்டினேன். வாங்கி, முகர்ந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

“உங்க அப்பாரு வெச்சது கண்ணு. சமையக்கட்டு முன்ன மாட்டுக்கு எறக்குன சாய்ப்பு. அவுரே கட்டுனாரு, கொத்தனாரு கூலி தண்டம்னு.” அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா.

“ஆசாரம்?”

“அது அவுங்கப்பன் கட்டுனது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப அது ஒண்ணுதான் வீடு. பனையோல மேஞ்சிருந்துச்சு. சமையக்கட்டக் கோணலா வெச்சுப்போட்டான்னு அந்த மனுசன் சாகற வரைக்கும் சொல்லீட்டே இருந்தாரு.”

இதிலிருந்து பெறப்படுவது: நாங்கள் பழைய வீடு என்று எதை வணங்கி, எதனோடு மட்டம் பார்த்து, எதன் கோணலுக்கு அஞ்சினோமோ, அதுவும் கூலி மிச்சம் பிடிக்க ஒருவர் இறக்கிய சாய்ப்புதான். பழைய வீடு என்பது, ஒழுகிப் பழகிய சாய்ப்புகளின் தொகுப்பு. வேறு வரையறை இந்த ஆய்வாளருக்குத் தோன்றவில்லை.

விரிசலில் மேற்கொண்டு சிமென்ட் அடைக்கவில்லை. சாக்கை நான்காக மடித்தோம். சுண்ணாம்பு குழைத்தோம்.

7. மெய்ப்பித்தல்

மழை குறைந்த எங்கள் ஊரில் கூரையைச் சோதிக்க ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். முதல் மழைக்கு முந்தின மாலை, மேகம் கூடும்போதே அப்பத்தா எழுந்துபோய் ஓர் ஈயப் போசியை எடுத்துவந்தார். புது அறைக்குள் நுழைந்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல், பழைய சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

இரவு பெய்தது. பழைய கூரையின் தண்ணீர் முழுக்க வந்து, சரிவு குறைந்த புதுக்கூரையின் முதல் வரிசையில் விழுந்து, திகைத்து, பின்வாங்கி, ஓட்டுக்கு அடியில் புகுந்து சொட்டியது. சொட்டு ஒன்றுகூடப் போசிக்கு வெளியே விழவில்லை.

சாய்ப்பு இறக்க உத்தேசித்திருக்கும் அன்பர்களுக்கு: ஓட்டை ஒரே ஆலையில் வாங்குங்கள். சரிவில் கஞ்சத்தனம் வேண்டாம். மண்சுவருக்குச் சுண்ணாம்பே போதும். போசியை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். அதை வைக்கவேண்டிய இடம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.