ஒரு வாய், நாலு ஜோடிக் கண்

எங்கள் வீட்டில் என் மகள் சாப்பிடுவது ஒரு பொது நிகழ்ச்சி. அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் என் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, எதிரே வந்து சம்மணம் போட்டுக்கொள்வார். அடுப்படி வாசலில் என் மனைவி கரண்டியோடு நிற்பாள். நான் பேப்பர் படிக்கிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்ப்பேன். அப்பாவுக்கு அந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. "மென்னு முழுங்கு, மென்னு முழுங்கு" என்று நேரடி வர்ணனையே கொடுப்பார். வாய்க்குள் போன கவளம் எந்தக் கன்னத்தில், எவ்வளவு நேரம் தங்கியிருக்கிறது என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

பிள்ளைக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் அபார ஒற்றுமை உண்டு. எது நல்ல சாப்பாடு என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. அம்மாவைப் பொறுத்தவரை கன்னம் உப்பியிருந்தால் ஆரோக்கியம், இல்லாவிட்டால் "பிள்ளை வாடிப்போச்சு". மனைவி சிறுதானியக் கட்சி. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அந்த ஆண்டு முடிந்தும் போனது. எங்கள் அடுப்படிக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. பொங்கல் வரகில், தோசை கம்பில், இட்லி குதிரைவாலியில். அப்பா கீரைக் கட்சி. மற்றவர்கள் சாப்பிட வேண்டிய கீரை. அவருக்குச் சாயங்காலம் காபியோடு காரச்சேவு இருந்தால் போதும்.

என் கட்சி, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது. உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் தங்க நிறத்தில் தலைசாய்த்து நிற்கும். பின்பக்கம் திருப்பினால் முதலிடம் மைதா, அடுத்து சர்க்கரை. கேழ்வரகு, டெபாசிட் இழந்த சுயேச்சை வேட்பாளர் மாதிரி கீழே எங்கேயோ கிடக்கும். அந்த எழுத்தைப் படிக்கப் பாக்கெட்டை மூக்குவரை கொண்டுபோக வேண்டும். "சார், வாங்கப் போறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று எங்கள் தெருக்கடை அண்ணாச்சி தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். அதற்குள் மகள், கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டுகளில் ஒன்றைக் கிழித்துவிட்டாள். கிழித்த பாக்கெட்டுக்கு ஆராய்ச்சி கிடையாது, காசுதான்.

இத்தனை கட்சிகளுக்கும் அவள் பதில் சொல்கிற விதம் ஒன்றுதான். கோவைக்காய் பொரியல் வைத்தால் முதலில் கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக நிறுத்துவாள். வரிசை கோணினால் சரிசெய்வாள். பிறகு உளுத்தம்பருப்பு. பிறகு கறிவேப்பிலை, காம்பு வெளியே பார்க்கிற மாதிரி. இது முடிவதற்குள் கோவைக்காய் ஆறி அவலாகி, "ஆறிப்போச்சு, வேண்டாம்" என்று சொல்ல நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

இந்த நிலைமையில்தான் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரைப் பற்றிப் படித்தேன். 1920களின் கடைசியிலிருந்து சில ஆண்டுகள், பால்குடி மறந்த 15 குழந்தைகளை வைத்துப் பெரும்பாலும் சிகாகோவில் அவர் ஒரு சோதனை நடத்தினார். பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு யாரும் விடமாட்டார்கள். மொத்தம் 34 உணவுகள். தட்டில் வைப்பார்கள், குழந்தை எதைத் தொடுகிறதோ அதை மட்டும் ஊட்டலாம். பக்கத்தில் கரண்டியோடு உட்காரும் நர்ஸ் எதையும் நீட்டக்கூடாது, சொல்லக்கூடாது, முகத்தில்கூடக் காட்டக்கூடாது. ஒரு குழந்தை ஆரஞ்சுச் சாறும் ஈரலுமாகக் காலைச் சாப்பாட்டை முடித்தது. இன்னொன்று ராத்திரியில் முட்டைகளும் வாழைப்பழமும் பாலுமாக வெளுத்துக்கட்டியது. எல்லாம் நன்றாகத்தான் வளர்ந்தன. இதில் சூட்சுமம் அந்த 34இல் இருக்கிறது: சர்க்கரையோ டப்பாவில் அடைத்ததோ அதில் ஒன்றுகூட இல்லை. எதை எடுத்தாலும் நல்லதுதான்.

சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த முப்பத்துநாலுல ரசஞ்சோறு உண்டா?"

"இல்லம்மா."

"அப்பறம் என்னடா ஆராய்ச்சி!"

ரசத்தை விடுங்கள், அந்த நர்ஸ் வேலைதான் எனக்கு மலைப்பாக இருந்தது. பிள்ளை பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்துகொண்டு "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று சொல்லாமல் இருக்க முடிந்த ஒருத்தரை மதுரையில் எங்கே போய்த் தேடுவது?

இதே ஊரில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருமுனைப் பள்ளியில் காலையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவும் சாம்பாரும் சாப்பிடுவதை நடை போகும்போது பார்க்கிறேன். எங்கள் வீட்டில் உப்புமா என்ற சொல்லைக் கேட்டாலே ஒருத்திக்கு வயிற்றுவலி வரும். அங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள். ஒரு பிள்ளையை, அதற்குப் பிடிக்காத காய்கறியை விரும்பும் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் சில நாளில் தானே அதை எடுத்துக்கொள்ளும் என்று 1980இல் லீயான் பிர்ச் என்ற உளவியலாளர் எழுதினார். கல்யாணப் பந்தியில் நான் கண்ணால் கண்டதும் அதுதான். பக்கத்து இலைப் பையன் பூசணிக்கூட்டை வழித்து நக்கியதும் என் மகளும் கூட்டு வாளியைக் கைகாட்டினாள். அவள் வாயை யாரும் பார்க்கவில்லை. எங்கள் கண்ணெல்லாம் பாயச வாளி எந்த வரிசையில் வருகிறது என்பதில் இருந்தது.

ஆகவே வீட்டிலும் பந்தி என்று சட்டம் போட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அவள் தட்டைப் பற்றி யாரும் மூச்சுவிடக்கூடாது.

அன்றைக்குச் சோறு, அரைக்கீரை மசியல், சுட்ட அப்பளம். அம்மா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் "ஒரு வாய்" என்று அசைந்தது. மனைவி காலண்டரைப் படித்தாள். மகள் எங்கள் நாலு பேரையும் சந்தேகமாகப் பார்த்தாள். "என்னாச்சு எல்லாருக்கும்?" பதில் இல்லை. வேறு வழியில்லாமல் கீரையைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் சோற்றில் பிசைந்தாள். வாயில் போட்டாள். மனைவி காலண்டரில் அதே தேதியைத் திரும்பவும் படித்தாள்.

வேடிக்கை பார்க்க ஆளில்லாததால் மகள் அடுத்த தட்டுகளை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள்.

"அப்பத்தா! தாத்தா கீரையை அப்பளத்துக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்காரு!"

எட்டு கண்ணும் அப்பாவின் தட்டுக்குப் போயின. அவர் அசரவில்லை. "நர்ஸம்மா வாயைத் திறக்கக்கூடாதுன்னு உங்கப்பன் சொன்னானா இல்லையா?" என்றார்.

அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்பளத்தைத் தூக்கிப் பேத்தியின் தட்டில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தில் இன்னும் ஒரு கரண்டி கீரையை வைத்தார்.