சத்தம் நின்னுச்சா?
(வாசகர் கேள்வி-பதில்)

மகன் மனநல வார்டிலிருந்து வீட்டுக்கு வந்து மூன்று மாதம். மருந்து ஒழுங்காகப் போடுகிறான். காலையில் எழுந்ததும் "இன்னைக்குச் சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டால் எரிந்து விழுகிறான். கேட்பது தப்பா? – ஒரு தாய், டிக்கோயா

அம்மா, தோட்டத்தில் காலைப் பெரட்டில்கூட ஒரு தடவைதான் பேர் கூப்பிடுவார்கள். தினமும் நீங்கள் கேட்டால் அவனும் தினமும் காதைத் தீட்டிக்கொண்டு தேடுவான். அந்தக் கேள்வியைக் கிளினிக் நாளுக்கு வையுங்கள். மற்ற நாளில் "சாப்பிட்டியா? பீன்ஸுக்குக் கம்பு நடணும், வர்றியா?" போதும்.

'ஏற்றல் சிகிச்சை' என்று படித்தேன். பைத்தியத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்களா? – ஹட்டன் வாசகர்

'பைத்தியம்' என்ற சொல்லைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் 1980களில் உருவாக்கத் தொடங்கிய முறை இது. ஏற்றலும் ஈடுபாடும் சேர்ந்த சிகிச்சை என்று சொல்லலாம். சுருக்கமாக 'ஆக்ட்'. இதில் எல்லாரும் சொல்லும் பஸ் கதை ஒன்று உண்டு. நம்ம ஊர் பஸ்ஸிலேயே ஏறுவோம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பஸ். நீங்கள்தான் சாரதி. பின்சீட்டில் நாலு பேர்: "உனக்கு ஓட்டத் தெரியாது! திருப்பு! எல்லாரையும் பள்ளத்தில் இறக்கப்போகிறாய்!" பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ச் சண்டை பிடிக்கலாம், பஸ் நின்ற இடத்தில் நிற்கும். அவர்கள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பலாம்; மஸ்கெலியா வந்து சேராது. அல்லது, கத்துகிறவன் கத்தட்டும் என்று கையை ஸ்டியரிங்கில் வைத்து நோர்வூட்டைத் தாண்டலாம். சத்தம் போடுகிறவர்களும் பயணிகள்தான், இறக்கிவிட முடியவில்லை என்று ஒத்துக்கொள்வது ஏற்றல். மஸ்கெலியாவில் அக்கா மகளின் சடங்குக்குப் போயே தீருவேன் என்பது ஈடுபாடு. லண்டனில் சைக்கோசிஸ் என்ற மனநோய் நிலையிலிருந்து மீள்கிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நடத்திய குழுப் பட்டறைகளே இந்த பஸ் கதையை வைத்துத்தான் ஓடின.

கதை நன்றாக இருக்கிறது. கணக்கு? – ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, பொகவந்தலாவை

கொழுந்து நிறுத்த கை, விடுமா! 2002இல் பாட்ரிசியா பாக்கும் ஹேய்ஸும் வெளியிட்ட ஆய்வு: ஆஸ்பத்திரியில் இருந்த 80 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பேருக்கு அதோடு நான்கே தடவை இந்தப் பயிற்சி. அடுத்த நான்கு மாதத்தில் மறுபடி வார்டுக்கு வந்தவர்கள், பயிற்சி பெற்ற பக்கம் பாதிக்குப் பாதி குறைவு. இதிலே ஒரு வேடிக்கை. "எனக்குக் குரல் கேட்கிறது" என்று அதிகமாக ஒத்துக்கொண்டதும் அவர்கள்தான். ஆனால் குரல் சொல்வதை நம்புவது குறைந்திருந்தது. சத்தத்தை எண்ணுகிறவர் தோற்றுப்போன பிள்ளைகள் என்பார். வீட்டில் இருந்த நாளை எண்ணுகிறவர் ஜெயித்த பிள்ளைகள் என்பார். நீங்கள் எந்தத் தராசு வைத்திருக்கிறீர்கள் ஐயா? எண்பது பேர் சின்னக் கணக்குத்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மருந்தை விடலாமா? – இராகலை

கூடாது. ஓட்டத் தெரிந்த சாரதிக்கும் பிரேக் வேண்டும்.

தங்கச்சிக்குச் செத்துப்போன அப்பாயியின் குரல் கேட்கிறது. "பானையைக் கழுவு, வீட்டைக் கூட்டு" என்கிறதாம். சிரிப்பதா, பயப்படுவதா? – அக்கரப்பத்தனை

இரண்டும் வேண்டாம், அப்பாயிக்குக் கூட்டம் அதிகம். மானிடவியலாளர் தான்யா லூர்மன், சென்னை 'ஸ்கார்ஃப்' நிறுவன மனநல மருத்துவர்களோடு சேர்ந்து கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடத்திலும் குரல் கேட்கிற இருபது இருபது பேரிடம் பேசினார். அமெரிக்கர்களுக்குக் கேட்டதில் வெட்டும் குத்தும் அதிகம். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர்கள். அதிலும் வீட்டுவேலை சொல்கிறவர்கள்! செத்தும் நம்மைச் சும்மா உட்காரவிடாத சனம். தங்கச்சி பானையைக் கழுவட்டும், தனக்குத் தோன்றுகிற நேரத்தில். அதே குரல் தீங்கு செய்யச் சொன்னால் அன்றைக்கே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டு நோயாளியைக் கோயிலில் கட்டிப்போடச் சொல்கிறார் கோடாங்கி. – மஸ்கெலியா

பூசை போடுங்கள், திருநீறு பூசுங்கள், மாடசாமி கோபிக்க மாட்டார். சங்கிலி மட்டும் வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6, தமிழ்நாட்டின் ஏர்வாடி. மனநலக் காப்பகமொன்றில் தீ பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

அண்ணன் மலைக்குத் திரும்பிவிட்டார். அரைநாள்தான் வேலை முடிகிறது, அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழுகிறது. – கொட்டகலை

நேற்றுவரை அவருக்கு 'நோயாளி' என்று ஒரு பேர்தான் இருந்தது தங்கச்சி. இன்றைக்கு ஒன்றரை ஆகிவிட்டது.

வீட்டில் செய்ய ஒரு சின்னப் பயிற்சி? – நுவரெலியா

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்று தோன்றினால், முற்றுப்புள்ளி வைக்காமல் "என்று மனசு சொல்கிறது" என்று முடிக்கச் சொல்லுங்கள். முழுதும் சொல்லி முடித்த பிறகும் பின்னால் ஒரு 'என்று' போட்டு ஆளைத் தள்ளி நிறுத்தத் தமிழில் வசதி இருக்கிறது. பயன்படுத்துவோம்.

இருநூறு வருஷமாகத் தோட்டத்தில் எங்களிடம் "ஏத்துக்கோ" என்றுதானே சொல்கிறார்கள்? இப்போது மருந்தாகவும் அதையே கொடுக்கிறீர்களா? – ஒரு தம்பி, தலவாக்கலை

இந்த வாரத்தின் நல்ல கேள்வி, தம்பி. ஒழுகுகிற லயத்தையும் கிளினிக்குக்குப் போனால் விழாத பேரையும் ஏற்றுக்கொள் என்று எவராவது இந்தச் சிகிச்சையின் பெயரால் சொன்னால் எழுந்து வந்துவிடு. ஏற்கச் சொல்வது தலைக்குள்ளே நடப்பதை மட்டும். 2023இல் காணி உரிமையும் கேட்டு நம் மலையகச் சனம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தது ஞாபகம் இருக்கிறதா? கால் வலி இருந்தது. வலி நின்ற பிறகுதான் நடப்பேன் என்று யாரும் மன்னாரிலேயே உட்காரவில்லை. வலியை ஏற்றார்கள், காணியில்லாமல் இருப்பதை ஏற்கவில்லை.

எங்கே போவது? – பலர்

பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்தக் கிழமை என்று கேளுங்கள். இரண்டு மூன்று இரவு தூக்கமில்லை, மருந்தைத் துப்புகிறார், சாகப்போவதாகப் பேசுகிறார் என்றால் கிழமை பார்க்காமல் கூட்டிப்போங்கள். தேசிய மனநல உதவி எண் 1926. ராத்திரியிலும் எடுப்பார்கள்.